ரத்தம் சொன்னதும் நான் சொன்னதும்

வேலூர்,
12-9-1962

அன்புள்ள தம்பி பொன்னுத்துரைக்கு அக்கா சிவனம்மாள் எழுதுவது.

திண்டுக்கல்லில் நீயும் சுந்தரம்மாளும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிற என் மகள் பொன்னழகும் சுகமாக இருக்க வேண்டும். நானும் ஜக்கம்மாள் சின்னம்மாவும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை பிடித்திருக்கிறோம். தண்ணீர் உப்பு. மற்றபடி குறையில்லை.

டாக்டரம்மா என் கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களின்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காற்றே இல்லாத அறையில் அந்தக் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ரத்தச் சோதனை முடிவு இன்று வந்தது. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதன் சுரப்பு ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதை, அதோடு ஒட்டியிருக்கும் அயோடினை வைத்து அளக்கிறார்கள். நான்கிலிருந்து எட்டுக்குள் இருந்தால் சரி. எனக்குப் பதினாலு. டாக்டரம்மா அந்த எண்ணோடு நிறுத்தவில்லை. தூக்கம், வியர்வை, பசி, நெஞ்சுப் படபடப்பு, கண் பிதுங்கியது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "ஒடம்புக்குள்ள அடுப்பு அணையாம எரியுதும்மா. அதான் தின்னது எதுவும் ஒட்டல" என்றார்.

இரண்டு ஆள் சோறு தின்றும் எலும்பாகப் போகிறேனே, எவளோ செய்வினை வைத்துவிட்டாள் என்று நாத்தனார் பேச்சாயி சொல்லிக்கொண்டிருந்தாள். செய்வினை இல்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். இரண்டு மாதம் மாத்திரை, பிறகு ஆபரேஷன். சோதனை முடிவை ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அழகு எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். விளக்கெண்ணெய் தடவித் தலை சீவிக்கொள்ளச் சொல், கண் எரியாது.

உன் அக்கா,
சிவனம்மாள்

*

திண்டுக்கல்,
24-9-1962

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பொன்னுத்துரை எழுதியது.

நாங்கள் எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் கண்டதும் பாதி பாரம் இறங்கியது. உடனே உங்கள் ஆத்தூர் வீட்டுக்குப் போய் மச்சானுக்குச் சோதனை முடிவை வாசித்துக் காட்டினேன். பேச்சாயி அக்காவும் அங்கேதான் இருந்தார்கள். பதினாலு என்றதும் அழுதுவிட்டார்கள்.

ஆனி மாதம் கோயில் வாசலில் நீ அத்தனை பேர் முன்னால் கத்தியதெல்லாம் நோய் கத்தியது என்று இப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பேச்சாயி அக்கா உன்னை மன்னித்துவிட்டார்கள். அவர்கள் மகன் சுருளிவேலும் தன் காய்கறி மண்டியில் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க கணக்குப்புள்ள, அத்தைக்குச் சீக்குன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் கோவிச்சிருப்பனுங்களா" என்று பெருந்தன்மையாகப் பேசினார். முதலாளி வாயால் அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ எதையும் மனதில் போட்டுக்கொள்ளாமல் வைத்தியம் பார். அழகு நன்றாகப் படிக்கிறாள்.

உன் தம்பி,
பொன்னுத்துரை

*

வேலூர்,
3-10-1962

தம்பி பொன்னுத்துரைக்கு,

நானும் சின்னம்மாவும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்னை மன்னித்துவிட்டார்களா? எதற்கு?

எது நோய் என்று நானே சொல்கிறேன், கேட்டுக்கொள். சோற்றுப்பானையை இறக்க முடியாமல் கை ஆடியது நோய். மார்கழிக் குளிரில் வேர்த்து ஒழுக விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நோய். குழம்பில் உப்பில்லை என்று சொன்ன உன் மச்சான்மேல் அகப்பையை எறிந்தேன். அதுவும் நோயாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன் நான் அவரிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. புறப்படுவதற்கு முன் அவரிடம் வருத்தம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கோயில் வாசலில் சொன்னது நோய் இல்லை. சுருளிவேல் பெண்டாட்டி கண்ணம்மாள் போன வருஷம் கிணற்றில் விழுந்து செத்தாள். அவளைக் குளிப்பாட்டியவள் நான். முதுகு முழுக்கத் தோல்வார்த் தடம். ஆறிப்போன தடத்தின்மேல் ஆறாத தடம். அன்றைக்கே உன் மச்சானிடம் சொன்னேன். "எழவு வீட்ல பேசுற பேச்சாடி இது" என்று அடக்கினார். அப்போது என் கழுத்தில் கட்டியும் இல்லை, கையில் நடுக்கமும் இல்லை. ஆனி மாதம் அதே சுருளிவேலுக்கு அழகுவைக் கேட்டு அவன் தாய் தட்டோடு கோயிலுக்கே வந்தபோதுதான் நான் வாசலில் நின்று கத்தினேன். அவன் அடித்த அடியில் ஒருத்தி செத்தாள் என்றேன். இன்னும் சொல்வேன்.

நான் அனுப்பிய தாளில் பதினாலு என்றுதான் இருந்தது. கண்ணம்மாள் முதுகில் ஒன்றுமில்லை என்று அதில் எங்கே இருந்தது?

அழகுவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். காலாண்டுப் பரீட்சை மார்க் என்ன?

அக்கா,
சிவனம்மாள்

*

திண்டுக்கல்,
30-10-1962

பாசத்திற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கே யாவரும் நலமாயிருக்கிறோம். தாங்கள் பூரண சுகமடைய வேண்டிப் பழனிக்கு நேர்ந்திருக்கிறோம். பதில் எழுதத் தாமதமானதற்கு மண்டி வேலையே காரணம்.

எல்லையில் சீனாக்காரன் சண்டைக்கு வந்துவிட்ட சேதி தாங்களும் கேட்டிருப்பீர்கள். இங்கே ரேடியோப் பெட்டி இருக்கிற கடை வாசலில் எல்லாம் கூட்டம். ஆத்தூர்ப் பக்கம் நல்ல மழை. கிணறு மேலேறிக் கிடக்கிறது. தங்கள் சிவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தக்காளி விலை இறங்கிவிட்டது. கேரளத்துக்கு லாரி போவதில் தடையில்லை.

கோபதாபம் இந்த நோய்க்கு ஆகாது என்று இங்குள்ள டாக்டரும் சொல்கிறார். ஆகவே தாங்கள் எதைப் பற்றியும் யோசிக்காமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
பொன்னுத்துரை

*

வேலூர்,
6-11-1962

தம்பிக்கு,

எல்லாரும் சுகமென்று எழுதியிருக்கிறாய். யார் யார் என்று எழுதவில்லை.

அது என்ன 'தாங்கள்'? என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நீ. அம்மா செத்த பிறகு உனக்குச் சோறு ஊட்டியவள் நான். இன்றுவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாய். எதையோ மறைக்கிறபோது மரியாதை வந்துவிடுகிறது.

மாத்திரை வேலை செய்கிறது. நாடி இறங்கியிருக்கிறது. சோற்றைத் தட்டிலிருந்து வாய்க்குச் சிந்தாமல் கொண்டுபோகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் சொட்டு மருந்து குடிக்க வேண்டும். பாலில் கலந்தாலும் இரும்பு நக்கியது மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் 20-ந் தேதி. உன் மச்சானுக்குக் கையெழுத்துப் போட வரச்சொல்லி எழுதியாயிற்று.

பசு கன்று போட்டது தெரிகிறது, என் மகள் என்ன செய்கிறாள் என்று உனக்குத் தெரியவில்லையா? அடுத்த கடிதத்தின் அடியில் அழகு தன் கையால் இரண்டு வரி எழுத வேண்டும்.

சிவனம்மாள்

*

திண்டுக்கல்,
10-12-1962

அக்கா அவர்களுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், காயம் ஆறிவருவதும் மச்சான் வந்து சொல்லித் தெரிந்துகொண்டேன். குரல் எழும்பவில்லை என்றார். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கொஞ்ச நாள் பேசாதிருப்பது உடம்புக்கு நல்லதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு மச்சான் விலாசத்துக்குத் தபாலில் வந்திருக்கிறது. பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. எட்டுக்கு மேல் போகக்கூடாது என்று தாங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். ஆக நோய் இன்னும் போகவில்லை. மச்சானுக்கும் பேச்சாயி அக்காவுக்கும் இதில் மிகுந்த வருத்தம். தை கழியும்வரை அங்கேயே இருந்து முழுக்க வைத்தியம் பார்த்துக்கொண்டு வருவதுதான் உசிதம் என்று எல்லாரும் அபிப்பிராயப்படுகிறோம். அவசரப்பட்டுப் புறப்பட்டு வந்துவிட வேண்டாம்.

பொன்னழகு சௌக்கியம். வீட்டில் சுந்தரத்துக்கு ஒத்தாசையாக இருக்கிறாள்.

பொன்னுத்துரை

*

வேலூர்,
15-12-1962

பொன்னுத்துரைக்கு,

உன் சுகத்தை விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கன்னிவாடிக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் இஞ்ஞாசி, உங்கள் மண்டிக்குக் கத்தரிக்காய் போடுகிறவர். அவர் அவளைப் பார்க்க வந்தவர், நான் ஆத்தூர் என்று கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார்: "தை பொறந்ததும் ஒங்க ஊருல பெரிய கலியாணம்ல. மண்டிக்கார சுருளிவேலுக்குச் சோலைமுத்து மகளைக் கட்டுறாக. கணக்குப்பிள்ளை வீட்லதான் பொண்ணு இருக்கு. பரிசம் போட்டாச்சு." சோலைமுத்து பெண்டாட்டி நான்தான் என்று சின்னம்மா சொன்னார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். என் மகள் கல்யாணத்தை எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள், பார்.

தை கழியும்வரை என்னை ஏன் இங்கே இருக்கச் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பிள்ளை எப்படி வீட்டில் ஒத்தாசையாக இருக்கிறாள் என்றும் தெரிகிறது.

அந்தப் பன்னிரண்டைப் பற்றிச் சொல்கிறேன், உன் மச்சானுக்கும் வாசித்துக் காட்டு. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் டாக்டரம்மாவிடமே கேட்டேன். நான் குடித்த சொட்டு மருந்து அயோடின். ஆபரேஷனுக்குப் பிறகும் சில நாள் கொடுத்தார்கள். சோதனையில் அளப்பதும் அயோடின். சுரப்பியிலிருந்து வந்தது எது, புட்டியிலிருந்து வந்தது எது என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. வழக்கம்போல ரத்தம் எடுத்த சின்ன டாக்டர் அதை யோசிக்கவில்லை. டாக்டரம்மா அவரைக் கடிந்துகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். செப்டம்பரில் நூற்று முப்பது அடித்த நாடி எழுபத்தெட்டு அடித்தது. எடை ஏறியிருக்கிறது. இரவு தூங்குகிறேன். போர்வை கேட்கிறேன். கையை நீட்டச் சொல்லிக் காகிதம் வைத்தார். அசையவில்லை.

"இந்த நம்பரை நம்பாதம்மா. சோதனையை ஒடம்போட சேத்து வச்சுத்தான் படிக்கணும். மூணு மாசம் கழிச்சு வா, திரும்பப் பாப்போம். இன்னிக்கி நீ நல்லா இருக்க" என்றார்.

நன்றாக இருக்கிற நான் சொல்கிறேன். கண்ணம்மாளை அவன் அடித்தான். அழகுவை அவனுக்குக் கொடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை திண்டுக்கல் ஸ்டேஷனில் அழகு தன் புத்தகங்களோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக மண்டிக்குத்தான் வருவேன்.

சிவனம்மாள்

*

திண்டுக்கல்,
18-12-1962

மதினிக்கு உங்கள் தம்பி மனைவி சுந்தரம்மாள் எழுதுவது.

உங்கள் உடம்பு குணமானது கேட்டு என் வயிறு குளிர்ந்தது. அவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனார். நான் எடுத்துப் படித்தேன்.

பள்ளிக்கூடத்தை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. அழகு சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். அம்மாவுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று சொல்லி இவர் தடுத்துவிட்டார். நானும் அதை நம்பினேன், மதினி.

புத்தகங்களைப் பரணில் போட்டிருந்தார்கள். எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் நிற்போம். இவருக்குத் தெரியாது. பிறகு வருவது வரட்டும்.

சுந்தரம்மாள்

அம்மா, நான் வருவேன். உங்களைப் பார்க்க வேண்டும். — அழகு

*

திண்டுக்கல்,
9-1-1963

சிவனம்மாளுக்கு,

மேட்டுப்பட்டியில் சின்னம்மா வீட்டில் இருக்கிறாய். கூப்பிடு தூரம்தான். உன் முகத்தில் விழிக்க மனமில்லாமல் தபாலில் எழுதுகிறேன்.

பிள்ளைதான் ஸ்டேஷனில் கைக்கு வந்துவிட்டாளே, அதோடு போயிருக்கலாம் அல்லவா? அவளைச் சின்னம்மாவோடு அனுப்பிவிட்டு மண்டிக்கு ஏன் வந்தாய்? கழுத்தில் கட்டோடு, லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு நடுவில் நின்றாய். நீ கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கரகரத்த குரலில், கணக்குச் சொல்வது மாதிரி சொன்னாய்: "கண்ணம்மாளுக்கு மேலு கழுவுனவ நான். முதுகு பூராம் வார்த் தடம். கெணத்துத் தண்ணி வார்த் தடம் போடாது, சுருளி." லாரி டிரைவர் முகமது பாரூக் பீடியைக் கீழே போட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். "சீக்காளிப் பேச்சுங்க" என்று சுருளிவேல் சொன்னபோது, நீ அவர் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கல்யாணம் நின்றுவிட்டது. உனக்குத் திருப்திதானே? அன்று சாயங்காலமே என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். பழனிப் பக்கம் வேறு பெண் பார்த்துவிட்டார்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான்தான் தெருவில் நிற்கிறேன். சுந்தரத்தோடு நான் பேசுவதில்லை.

பன்னிரண்டு என்பது சாதாரணமில்லை. டாக்டரம்மா என்ன சொன்னாலும், எழுத்தில் இருப்பது எழுத்தில் இருப்பதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னுத்துரை

*

மேட்டுப்பட்டி,
20-1-1963

தம்பிக்கு,

பொங்கலுக்கு உன் வீட்டில் பால் பொங்கியதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உன் வேலை போனதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் யார் தலையை விலையாக வைத்து அந்த வேலை உன்னிடம் இருந்தது என்பதை நீயும் யோசித்திருப்பாய்.

அழகு பள்ளிக்கூடம் போகிறாள். தலைமை ஆசிரியர் இருதயநாதன் முதலில் தயங்கினார், பிறகு பரீட்சை எழுத அனுமதித்துவிட்டார். உன் மச்சான் போன வாரம் வந்தார். வாசலில் நின்றபடி, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்ப இன்னும் ஏன் கோவமா இருக்க?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நோய் போனால் கோபமும் போய்விடும் என்று நம்பிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

நான் எழுதுவது வேறு விஷயம். பழனிப் பக்கம் ஒரு பெண் என்று எழுதியிருக்கிறாய். அவளும் யாரோ பெற்ற பிள்ளை. கண்ணம்மாளின் தாய் ஒச்சாயி கன்னிவாடியில்தான் இருக்கிறாள். அவள் வருவதற்குள் நாங்கள் குளிப்பாட்டித் துணி சுற்றிவிட்டோம். அவள் மகளின் முதுகை அவள் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன நான் அவளுக்குச் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.

நீயும் வா. கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியவன் நீ. அவளைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தவன் நீ. ரவிக்கை கிழிந்து கிடந்தது. கீழே கிடத்துவதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே, உன் துண்டை எடுத்து அவள் முதுகை மூடினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் மூடினாய்?

என் ரத்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள். உன் கண் பார்த்ததற்கு என்ன சொல்வாய்?

அக்கா

*

மேட்டுப்பட்டி,
29-1-1963

பொன்னுத்துரைக்கு,

நீ வரவில்லை. உனக்காக முதல் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவது பஸ்ஸில் போனேன்.

ஒச்சாயி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் உள்ளே கூட்டிப் போனாள். அழுவாள், என்னை ஏசுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள், "முதுகுல என்ன இருந்துச்சு, ஒண்ணும் விடாமச் சொல்லு" என்று மட்டும் கேட்டாள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சொன்னேன். சொல்லி முடித்ததும் என் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். சீக்கு வந்து மூளை குழம்பியவள் என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். "இப்ப சொகமாயிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஆனியில சொன்னதுந்தான் நெசமா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் போலீஸ் ஸ்டேஷன் போகிறோம். ஒன்றரை வருஷத்துக்கு முன் எரித்த பிணத்துக்கு யார் வழக்கு எழுதுவார்கள் என்று சின்னம்மா சொல்கிறார். எழுதாவிட்டாலும் போவோம். பழனிப் பக்கத்துப் பெண் வீட்டார் யாரென்று விசாரித்து அங்கேயும் ஒச்சாயியே வருகிறேன் என்றிருக்கிறாள். மார்ச்சில் அழகு பரீட்சை எழுதுகிறாள். அது முடிந்ததும் நான் வேலூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். என்ன எண் வந்தாலும் இதில் ஒன்றும் மாறாது.

புறப்படும்போது ஒச்சாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யார் பார்த்தது என்று கேட்டாள். என் தம்பி பார்த்தான், அவன்தான் கிணற்றிலிருந்து தூக்கினான் என்றேன். பிறகு உனக்கென்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவன ஒரு தடவ வரச் சொல்லுத்தா. வையமாட்டேன், மண்ணள்ளித் தூத்த மாட்டேன். தூக்கயில எம் புள்ளைக்கு உசுரு இருந்துச்சான்னு மட்டும் கேக்கணும்."

கன்னிவாடியில் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி, ஒச்சாயி வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

சிவனம்மாள்